பேட்டன்: நாமே எழுதுவதா, ஏஜென்ட்டிடம் கொடுப்பதா?

பினாங்கின் பிறையில் தொழிற்சாலை டெக்னீஷியனாக இருக்கும் என் மச்சான் ஒரு முறுக்கு உரல் செய்திருக்கிறார். பிழிந்து முடித்து கையை எடுத்தால், உள்ளே இருக்கும் சுருள்வில் அழுத்துதண்டைத் தானாக மேலே தூக்கிவிடும். மாவு ஒட்டிய தண்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். இதற்குப் பேட்டன், அதாவது காப்புரிமை, வாங்க நினைக்கிறார். விண்ணப்பத்தை எழுதிக்கொடுக்கப் பேட்டன் ஏஜென்ட்டுகள் உண்டு. "ஏஜென்ட் கேட்கிற காசுக்கு இன்னும் எத்தனையோ உரல் செஞ்சிடலாம் மச்சான். நானே எழுதிப் போட்டா என்ன?" என்று கேட்டார்.

சட்டத்தில் தடையில்லை. மலேசியாவின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, உள்ளூர் ஏஜென்ட்டைக் கட்டாயம் வைக்க வேண்டியவர் வெளிநாட்டில் குடியிருப்பவர்தான். நம்மைப் போன்றவர்கள் காப்புரிமை வழங்கும் அரசு அமைப்பான மைஐபிஓவில் (மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம்) மலாயிலோ ஆங்கிலத்திலோ நேரடியாக விண்ணப்பிக்கலாம். பதிவுக் கட்டணம் சில நூறு வெள்ளியில் முடியும், பொருள் உரிமைக்குத் தகுதியா என்று மைஐபிஓ பார்க்கும் பரிசோதனைக்குக் கட்டணம் தனி. ஏஜென்ட் உள்ளே வந்தால் கணக்கு ஆயிரங்களுக்குப் போய்விடும்.

பணத்தை மட்டும் பார்த்தால் மச்சான் சொல்வது சரி. வரைபடமும் விளக்கமும் கூட எந்த ஏஜென்ட்டையும் விட அவர் நன்றாகவே எழுதுவார். சிக்கல் 'கிளைம்' என்ற பகுதியில்தான், அதாவது எதன்மேல் உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வரிகளில். அவர் எழுதிக் காட்டியது இது: "பித்தளை உருளை, எஃகுச் சுருள்வில், மூன்று துளைத் தட்டு ஆகியவை கொண்ட முறுக்கு உரல்." அவர் செய்தது அதேதான், ஒரு சொல் பொய்யில்லை. ஆனால் பக்கத்துப் பட்டறைக்காரர் சுருள்வில்லுக்குப் பதில் ரப்பர் வைத்து, நாலு துளை போட்டால்? கிளைமில் எழுதிய ஒவ்வொன்றும் எதிராளியின் பொருளிலும் இருந்தால்தான் பொதுவாக மீறல் என்று ஆகும். பித்தளை, எஃகு, மூன்று என்று எழுதி எதிராளிக்கு மூன்று வாசல் திறந்து வைத்திருக்கிறார். நல்ல ஏஜென்ட் "அழுத்தம் நீங்கியதும் தண்டை மேலே தள்ளும் மீள் உறுப்பு" என்று ஆரம்பித்து, சுருள்வில்லை அதற்கடுத்த கிளைமில் வைப்பார். அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. முதல் விண்ணப்பத்தில் சொல்லாத எதையும் திருத்தத்தில் நுழைக்க வழியில்லை.

பேட்டனுக்குத் தம்பி மாதிரி பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. பொருள் புதிதாக இருந்தால் போதும், துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. முதலில் 10 ஆண்டு, பொருள் பயன்பாட்டில் இருந்தால் ஐந்தைந்தாக நீட்டி 20 வரை போகலாம். உரலுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். ஆனால் இதில் ஒரே ஒரு கிளைம்தான் எழுத முடியும். அதைக் கோட்டைவிட்டால் பின்னால் தாங்கிப் பிடிக்க இன்னொன்று இல்லை.

தேதிகளையும் சொல்ல வேண்டும். விண்ணப்பித்த 18 மாதத்துக்குள் முழுப் பரிசோதனைக்குக் கேட்க வேண்டும். ஏஜென்ட் இருந்தால் அது அவர் கவலை, இல்லாவிட்டால் நம் நாள்காட்டிதான். வெளிநாட்டிலும் உரிமை வேண்டுமென்றால் நான் தனியாக இறங்க மாட்டேன். மலேசியாவில் குடியிருப்பவர் இங்கே விண்ணப்பித்து இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து அனுமதி வாங்கிக்கொண்டுதான் வெளியே போட முடியும். மீறினால் அது குற்றம்.

அதனால் மச்சானிடம் நடுவழி ஒன்று சொன்னேன். இதே மாதிரி உரல் ஏற்கெனவே இருக்கிறதா என்று, காப்புரிமைகளைத் தேடும் இணையதளமான எஸ்பாஸ்நெட்டில் அவரே தேடட்டும், அதற்குக் காசில்லை. விளக்கத்தையும் அவரே எழுதட்டும். கிளைமை மட்டும் ஏஜென்ட்டிடம் காட்டி எழுதி வாங்கட்டும். இப்படிப் பகுதி வேலைக்கு எல்லா ஏஜென்ட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நாலு பேரைக் கேட்க வேண்டியிருக்கும்.

"சரி, அவசரம் இல்லையே?" என்றார். யாரிடமாவது காட்டினீர்களா என்று கேட்டேன். போன தீபாவளிக்கு முன் லிட்டில் இந்தியாவில் கடை போட்டு இருபது உரல் விற்றிருக்கிறார். விண்ணப்பிக்கும் முன்பே வெளியே விற்றுவிட்டால் பொருள் புதியதல்ல என்று ஆகிவிடும். ஆனால் மலேசியாவில் நாமே வெளியிட்டது விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் என்றால் மன்னிப்பு உண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது, அங்கே கதவு அன்றைக்கே சாத்தியாகிவிட்டது. கடை போட்ட தேதிக்கு ரசீது இருக்கிறதா என்றேன். தேடப் போயிருக்கிறார்.