முகாமிலிருந்து வாடகை வீட்டுக்கு: ஒரு வீட்டுக்காரியின் மதிப்புரை

உச்சிப்புளியில் எங்கள் பின்கட்டை மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வந்த இலங்கைத் தமிழ்க் குடும்பத்துக்கு விட்டிருக்கிறோம். ஏற்பாடு செய்தது ஒரு சின்னத் தன்னார்வக் குழு. அவர்கள் சேவை பற்றித்தான் இது.

2021-இல் அரசு அறிவித்த 7,469 வீடுகள் முகாம்களில் இருப்பவர்களுக்கு. வெளியே வந்தால் மாத உதவித்தொகை கிடையாது, காவல் நிலையத்தில் பதிவு வேறு வேண்டும். குழுவினர் இதை இரு தரப்பிடமும் ஒளிக்காமல் சொன்னார்கள், ஸ்டேஷனுக்கும் கூடவே வந்தார்கள். போலீஸ் தொல்லை வருமோ என்று முனகிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அதற்கப்புறம்தான் சரி என்றார். அட்வான்ஸில் பாதியையும் அவர்களே போட்டார்கள்.

குறை, தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. குடிக்க, தள்ளுவண்டியில் குடம் கணக்கில் வாங்க வேண்டும். குழு போட்டுக் கொடுத்த மாதச் செலவில் அது இல்லவே இல்லை. "குடிக்கிற தண்ணிக்கும் காசோ அக்கா?" என்று அந்தப் பெண் கேட்டபோது எனக்கே சங்கடம். அவள் கணவருக்குப் பெயின்டிங் வேலை, மழைக்காலத்தில் அதுவும் இருக்காது. குடி வைத்த பிறகு குழுவினர் எட்டிப் பார்க்கவில்லை.

ஐந்துக்கு மூன்றரை. வீடு காலியாக வைத்திருப்பவர்கள் தாராளமாக இவர்களை நம்பலாம், தண்ணீர்க் கணக்கை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்.