ஒரே மேக், இரண்டு விலான்: ஸ்விட்ச் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

அலுவலக நெட்வொர்க்கைப் பல வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்விட்ச் பற்றிய விமர்சனங்களில் வேகம், போர்ட் எண்ணிக்கை, ஃபேன் சத்தம் எல்லாம் வரும். மேக் டேபிளை (எந்தக் கருவியின் மேக், அதாவது வன்பொருள் முகவரி, எந்த போர்ட்டில் இருக்கிறது என்ற பட்டியல்) விலான் வாரியாக (விலான் என்பது ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) எப்படி வைத்துக்கொள்கிறது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது அதுதான்.

உள்ளே வரும் ஃபிரேமை (டேட்டா பொட்டலத்தை) அனுப்பியவரின் மேக் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்ச் குறித்துக்கொள்ளும். விலானுக்கு விலான் தனியாகக் குறித்தால் ஐ.வி.எல் (இண்டிபெண்டன்ட் விலான் லேர்னிங்), எல்லா விலானுக்கும் பொதுவாக ஒரே வரி என்றால் எஸ்.வி.எல் (ஷேர்டு விலான் லேர்னிங்). விலானுக்கான 802.1க்யூ தரநிலையில் இரண்டுக்குமே இடமுண்டு.

வித்தியாசம் தெரிந்தது, பிரிட்ஜ் முறையில், அதாவது ஃபிரேமின் மேக்கை மாற்றாமல் அப்படியே கடத்தும்படி, இரண்டு விலான்களுக்கு நடுவே ஃபயர்வால் போட்டபோது. சர்வர் விலான் 10-ல், போர்ட் 3-ல். அது அனுப்பும் ஃபிரேம் ஃபயர்வாலைத் தாண்டி, விலான் 20-ல் போர்ட் 8 வழியாக அதே மேக்கோடு மறுபடி ஸ்விட்ச்சுக்குள் வரும். ஐ.வி.எல் ஸ்விட்ச்சில் அந்த மேக்குக்கு இரண்டு வரிகள், பிரச்சினை இல்லை. மலிவான ஸ்மார்ட் ஸ்விட்ச்சிலோ ஒரே வரி. ஸ்விட்ச்சின் மேக் டேபிள் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்யச் செய்ய அந்த வரி போர்ட் 3, 8, மறுபடி 3 என்று மாறிக்கொண்டே இருந்தது. பிங் விட்டு விட்டுத்தான் வந்தது. டேட்டாஷீட்டில் ‘8கே மேக்’ (டேபிளில் சுமார் எட்டாயிரம் முகவரிக்கு இடம்) என்ற ஒரு வரியைத் தவிர இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அதற்காக எஸ்.வி.எல் மட்டம் என்று சொல்ல மாட்டேன். போகிற டிராஃபிக் ஒரு விலானிலும் பதில் இன்னொன்றிலும் வருகிற அமைப்பில் அதுதான் சரி. அங்கே ஐ.வி.எல் போட்டால், பதிலுக்கான முகவரி அந்த விலானில் கற்கப்படாமலே இருந்து ஃபிளட் ஆகும், அதாவது அந்த விலானின் எல்லா போர்ட்டுக்கும் போகும். இன்னொன்று: ஐ.வி.எல்லில் ஒரே மேக் ஐந்து விலானில் தெரிந்தால் டேபிளில் ஐந்து இடம் போகும். விர்ச்சுவல் மெஷின்கள் நிறைய இருந்தால் 8கே என்பது அவ்வளவு தாராளமில்லை.

அடுத்தது ஏஜிங் நேரம்: ஃபிரேம் எதுவும் அனுப்பாத மேக்கை டேபிள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பது. சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்சிலும் லினக்ஸ் பிரிட்ஜிலும் இயல்பாக 300 விநாடி. ஆனால் சிஸ்கோ ரவுட்டர் ஏ.ஆர்.பி பதிவை (எந்த ஐ.பி முகவரிக்கு எந்த மேக் என்ற குறிப்பை) 4 மணி நேரம் வைத்திருக்கும். லாக் வாங்கி வைப்பதைத் தவிர வாயே திறக்காத சிஸ்லாக் சர்வர் ஒன்று எங்களிடம் உண்டு. ஐந்து நிமிடத்தில் அதன் மேக் டேபிளிலிருந்து போய்விடும். ரவுட்டர் பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். போர்ட் தெரியாததால் எல்லாம் ஃபிளட் ஆகி, அந்த விலானில் இருக்கிற எல்லா போர்ட்டிலும் விளக்கு சேர்ந்து மினுக்கும். சிஸ்கோ ஸ்விட்ச்சில் அந்த விலானுக்கு மட்டும் ஏஜிங்கை 14400 விநாடி, அதாவது அதே 4 மணி நேரம் ஆக்கியதும் அடங்கியது. விலை குறைந்த ஸ்விட்ச்சில் மொத்தப் பெட்டிக்கும் ஒரே நேரம்தான், விலான் வாரியாக மாற்ற வழியில்லை. இப்போது அதை விலானே இல்லாத ஒரு மூலையில் சிசிடிவி கேமராக்களுக்கு ஒதுக்கிவிட்டேன்; அந்த வேலையை ஒழுங்காகவே செய்கிறது.