கைவேலை அம்பு வாங்குவோர் இறகைத் திருப்பிப் பார்க்கவும்

சென்ற மார்கழியில் என் மரவில்லுக்காகப் பன்னிரண்டு மர அம்புகளை, இணையத்தில் விற்கும் ஒருவரிடம் 9,600 ரூபாயை முன்கூட்டியே செலுத்தி வாங்கினேன். “வான்கோழி இறகு, முழுக்கக் கைவேலை” என்பது அவருடைய விளம்பரம். கைவேலை என்பதில் பொய் இல்லை. அந்தக் கைக்கு இறகு ஒட்டத் தெரியாது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

மூன்றாவது அம்பை எய்தபோதே என் இடக்கையில் இரத்தம் வந்தது. என்னுடையது போன்ற எளிய மரவில்லில் அம்பைத் தாங்கத் தனி மேடை கிடையாது. வில்லைப் பிடித்த கையின் மேலேயே அம்பு உரசிச் செல்லும். ஆகவே இறகுத் தண்டின் முன்முனையைச் சரிவாகச் சீவி, அதன்மேல் மெல்லிய நூலை நெருக்கமாகச் சுற்றி, ஒரு சொட்டுப் பசையால் மூட வேண்டும். எனக்கு வந்த அம்புகளில் அந்த முனை தடித்து, ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றதால் ஆட்காட்டி விரலின் அடியைக் கிழித்துவிட்டது. தையல் வரை போகவில்லை, டி.டி. ஊசியோடு முடிந்தது.

விற்றவரிடம் படங்களை அனுப்பிக் கேட்டபோது, நான் எய்யும் முறையில்தான் பிழை என்றார். பிறகு, பழைய காலத்து அம்புகளுக்கு நூல் சுற்றும் வழக்கமே இல்லை என்றார். 1545-இல் மூழ்கி 1982-இல் வெளியே எடுக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த அம்புகளில், இறகைச் சுற்றிக் கட்டிய நூலின் தடம் இன்றும் தெரிகிறது என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. மாறாக, கூடுதல் பணம் தந்தால் கழுகு இறகு ஒட்டித் தருவதாகச் சொன்னார். கழுகு போன்ற காட்டுப் பறவைகளின் இறகை விற்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று நினைவூட்டியதும் என் எண்ணையே தடை செய்துவிட்டார்.

வேறு வழியின்றி அம்புகளை நானே பிரித்தேன். கத்தி முனையால் நெம்பியவுடன் இறகும் பசைப் படலமும் சேர்ந்து நாடாபோல் உரிந்து வந்தன. பளபளக்கும் வார்னிஷை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகல்லவா ஒட்டியிருக்க வேண்டும்? தண்டை நீளவாக்கில் பிளந்தவர் அதன் அடியைத் தட்டையாகத் தேய்க்கவே இல்லை. அது குச்சியின் மேல் முழுமையாகப் படியாமல் ஆங்காங்கே பசையில் மிதந்துகொண்டிருந்தது.

இவற்றைவிடப் பெரிய மோசடி ஐந்து அம்புகளில் இருந்தது. பறவையின் இடச்சிறகில் வளரும் இறகு ஒரு பக்கமாகவும், வலச்சிறகில் வளரும் இறகு அதற்கு எதிர்ப்பக்கமாகவும் வளைந்திருக்கும். ஓர் அம்பின் மூன்று இறகுகளும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்தால்தான் காற்று அவற்றை ஒரே திசையில் தள்ளி, அம்பைச் சுழற்றி, நேராகச் செலுத்தும். இவர் இரண்டையும் கலந்து ஒட்டியிருந்தார். ஒன்று சுழற்ற மற்றொன்று தடுக்க, அந்த ஐந்தும் இருபது மீட்டர் தொலைவுக்குள்ளேயே வாலை ஆட்டிக்கொண்டு சென்றதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம்: நாண் பொருந்தும் பிளவு உங்களை நோக்கியிருக்கும்படி அம்பைப் பிடித்து மெதுவாக உருட்டினால், மூன்று இறகுகளின் மினுங்கும் பக்கமும் மின்விசிறியின் இலைகளைப்போல ஒரே சுழற்சித் திசையைப் பார்க்க வேண்டும். விற்பவர் படம் மட்டும் அனுப்பினால், பின்முனையிலிருந்து எடுத்த ஒரு படத்தையும், இறகின் முன்முனையை நெருக்கத்தில் எடுத்த ஒரு படத்தையும் கேட்டு வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள்.

பன்னிரண்டு குச்சிகளில் ஒன்பது நேராக இருந்தன. அவற்றுக்கு வேறு இறகு ஒட்டிப் பயன்படுத்தி வருகிறேன். அந்த விளம்பரம் இன்னும் அதே படத்தோடு இருக்கிறது. படத்தில் அம்புகள் பக்கவாட்டில் அடுக்கப்பட்டுள்ளன; இறகின் முன்முனைகள் எல்லாம் ஒரு சிவப்புத் துணிக்குள் மறைந்திருக்கின்றன.