பீட்டில் ஸ்பின்: சின்னப் படகில் போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது

மிச்சிகனில் ஓக்லண்ட் கவுண்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஏரிக்குப் பஞ்சமில்லை. புளூகில், கிராப்பி என்கிற சின்ன ஏரி மீன்களைப் பிடிக்கப் பெரிய மோட்டார் படகும் வேண்டாம். என்னிடம் இருப்பது பத்தடி அலுமினியத் தட்டைப் படகும் ஒரு ஜோடித் துடுப்பும்தான். அதில் உட்கார்ந்து நான் அதிகம் வீசுவது ஜான்சன் பீட்டில் ஸ்பின் என்கிற செயற்கைத் தூண்டில் இரை. கடையில் கலர் கலராகத் தொங்குவதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இதை வாங்குங்கள் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

எளிமையான சாமான். ஊக்கு மாதிரி வளைந்த கம்பி. மேல்கையில் சுழலும் சின்னத் தகடு, கீழ்க்கையில் தலை கனத்த முள், அதில் வால் பிளந்த ரப்பர் புழு. தகடு தனிக்கையில் சுழல்வதால் தூண்டில் நரம்பு அவ்வளவாக முறுக்கிக்கொள்வதில்லை. கம்பி முன்னால் போவதால் மூழ்கிய கிளையில் முட்டினாலும் பெரும்பாலும் தாண்டி வந்துவிடும். கீழ்ப்பகுதியைக் கழற்றி வேறு நிறம் மாட்டலாம்.

அளவில்தான் கவனம் வேண்டும். புளூகிலுக்கு வாய் ரொம்பச் சின்னது. 1/32 அவுன்ஸ், அதாவது ஒரு கிராமுக்கும் குறைவானதை எடுங்கள். 1/8 அவுன்ஸ் போட்டால் பாஸ் என்கிற பெரிய வாய் மீன் வரும். புளூகில் வாலைக் கடித்துவிட்டுப் போய்விடும். இவ்வளவு லேசானதை வீச அல்ட்ராலைட் ராடும் (மிக லேசான தூண்டில் கம்பு) 4 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பும் இருக்க வேண்டும்.

அல்லி இலை ஓரத்துக்கு இணையாகப் படகை நிறுத்துங்கள். காற்றடித்தால் முன்னும் பின்னும் நங்கூரம் போடாமல் படகு நிற்காது. வீசி, கொஞ்சம் மூழ்கவிட்டு, தகடு சுழல்வது ராடு நுனியில் தெரிந்தால் போதும் என்கிற அளவுக்கு மெதுவாகச் சுற்றுங்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அவசரமாகத்தான் சுற்றுகிறார்கள். புளூகில் பின்னாலேயே வந்து, நின்று பார்த்து, அப்புறம்தான் வாய்க்குள் உறிஞ்சும். நரம்பு லேசாகக் கனக்கும், அவ்வளவுதான். மணிக்கட்டைத் தூக்கினால் போதும். தட்டை உடம்பைத் தண்ணீருக்குக் குறுக்கே திருப்பிக்கொண்டு அது வட்டமடிக்கும்போது, கையகல மீனுக்கா இவ்வளவு பலம் என்று இருக்கும்!

ஆடி வெயிலில் பெரிய மீன்கள் பத்துப் பதினைந்தடி ஆழத்துக்கு இறங்கிவிடும். அங்கே இது எடை பற்றாது. முள்ளில் மண்புழுவும் மேலே ஒரு ஈயக்குண்டும் போதும்.

மே கடைசியிலும் ஜூனிலும் கரையோரம் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். முட்டைக்குக் காவல் நிற்கும் ஆண் மீன் எதைப் போட்டாலும் பாயும். தயவுசெய்து அந்தப் பெரிய ஆண் மீன்களைத் திரும்ப விட்டுவிடுங்கள். அவை போய்விட்டால் சின்ன ஆண் மீன்கள் வளர்வதை விட்டுச் சீக்கிரமே இனப்பெருக்கத்தில் இறங்கிவிடும். அப்புறம் ஏரி முழுக்கப் பொடி மீன்தான் மிஞ்சும். விடுவதற்குச் சுலபமாக, முள் நுனியில் பின்பக்கமாக நீட்டியிருக்கும் எதிர்க்கொக்கியை முன்னாலேயே இடுக்கியால் நசுக்கி வையுங்கள். வறுக்க ஏழு அங்குல மீன் நாலைந்து போதும். செதில் தேய்த்து, கீறிவிட்டு, மஞ்சளும் மிளகும் தடவினால் ஜிலேபி மீன் ருசிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

கறுப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று வாங்குங்கள். கலங்கல் தண்ணீரில் எனக்குக் கறுப்புதான் நன்றாக ஓடுகிறது.