நாக்கில் கரையும் வரை: ஆறு சாக்லேட் பார்களும் என் மதிப்பெண்களும்

சாக்லேட்டைச் சுவைத்து மதிப்பெண் போட மதுரையில் தை மாதத்தை விட்டால் வேறு நல்ல காலம் கிடையாது. சாக்லேட்டில் உள்ள கொழுப்பான கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சித்திரையிலும் வைகாசியிலும் இங்கே நிழலிலேயே வெப்பம் அந்த அளவைத் தாண்டிவிடுவதால், கடைக்காரர் சாக்லேட்டை ஃபிரிட்ஜில் வைக்கிறார், நாமும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கடித்து விழுங்கிவிடுகிறோம். அப்படிக் குளிர்ந்த துண்டில் நாக்குக்கு முதலில் தெரிவது சில்லிப்பு, அடுத்தது சர்க்கரை. கோகோவின் மணம் எழும்புவதற்குள் துண்டு தொண்டையைக் கடந்து போயிருக்கும். ஆண்டு முழுவதும் சாக்லேட் வாங்கித் தின்னும் நம்மில் பலருக்கு அதன் உண்மையான சுவை தெரியாமலே போவதற்கு இந்தக் குளிர்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். அதனால் தை மாதத்தில் இரண்டு காலைப் பொழுதுகளை ஒதுக்கி, வீட்டு வெப்பமானி 26 டிகிரி காட்டிய நேரத்தில், ஆறு பார்களை அறையின் இயல்பான வெப்பத்திலேயே வைத்துச் சுவைத்தேன்.

எடுத்துக்கொண்டவை டெய்ரி மில்க், கிட்கேட், ஃபைவ் ஸ்டார், ஸ்னிக்கர்ஸ், அமுல் டார்க், பொள்ளாச்சியின் சோக்லெட் நிறுவனம் செய்யும், 70 சதவீதக் கோகோ கொண்ட டார்க் ஆகியவை. டார்க் என்றால் கோகோ மிகுந்த, கசப்பு தூக்கலான கறுத்த சாக்லேட். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் சுவைக்கவில்லை. நான்காவது துண்டுக்குள் நாக்கு சர்க்கரையில் மரத்துவிடுகிறது என்பதை முன்பே பட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் இடையே வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து, உப்பில்லாத பொரி ஒரு கைப்பிடி மென்றேன். வாயில் ஒட்டியிருக்கும் கொழுப்பை எடுத்துவிடப் பொரியைப் போல எளிய பொருள் வேறொன்றை நான் காணவில்லை. அக்கா மகள் உறைகளைப் பிரித்து, தட்டுகளில் எண் மட்டும் எழுதி வைத்துக் கொடுத்தாள். கிட்கேட்டையும் ஃபைவ் ஸ்டாரையும் வடிவத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்பதால் அவற்றுக்கு இந்த மறைப்பு பயன்படவில்லை. மற்றவற்றுக்கு, குறிப்பாக இரண்டு டார்க் சாக்லேட்டுகளுக்கு, அது மிகவும் உதவியது.

மதிப்பெண் பத்துக்கு. மேற்பரப்பின் மினுக்கம், உடைக்கும்போது எழும் ஓசை, மூக்குக்கு எட்டும் மணம் ஆகியவற்றுக்கு நான்கு. கடிக்காமல் நாக்கின் மேல் வைத்துக் கரையவிடும்போது கிடைக்கும் சுவைக்கு ஆறு. கரைவதற்கு இவ்வளவு கொடுத்ததற்குக் காரணம் உண்டு. கோகோ வெண்ணெய் ஆறு வகையான படிக அமைப்புகளில் உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வகையே அறை வெப்பத்தில் உறுதியாக நின்று, வாய்க்குள் போனதும் உருகுகிறது. நம் உடலின் வெப்பம் 37 டிகிரி, அந்தப் படிகம் உருகுவது 34 டிகிரிக்குச் சற்று முன்பின். இந்த மூன்று டிகிரி இடைவெளிக்குள்தான் சாக்லேட்டின் இன்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. உருக்கிய சாக்லேட்டைக் கணக்காகக் குளிரவைத்து, மீண்டும் சற்றே சூடாக்கி, அந்த ஐந்தாவது படிகத்தை மட்டும் நிலைநிறுத்துவதே தயாரிப்பாளரின் கைத்திறன்.

அந்தத் திறனைக் கடையும் வண்டியும் சேர்ந்து வீணாக்கிவிட முடியும் என்பதையும் இந்த முறை பார்த்தேன். வீட்டருகே ஒரு கடையில் வாங்கிய பாரின் உறையைப் பிரித்தபோது, மேலெல்லாம் சாம்பல் கலந்த வெள்ளைத் திட்டுகள் படர்ந்திருந்தன. அக்கா மகள் அதைப் பூஞ்சை என்று நினைத்துத் தூக்கிப் போடப் போனாள். அது பூஞ்சை அன்று. வழியில் எங்கோ வெயிலில் உருகி, பிறகு தன்போக்கில் மீண்டும் உறைந்ததால், கோகோ வெண்ணெய் வெளியே கசிந்து வேறு வகைப் படிகமாக மேலே படிந்திருந்தது. விரலால் தேய்த்தால் வெப்பத்தில் மெல்ல மறைந்தது. தின்றால் உடலுக்குக் கேடில்லை. ஆனால் உடைக்கும்போது ஓசை வராமல் பழைய ரொட்டியைப் போல உதிர்ந்தது. வாயில் மணல்மணலாகக் கரைந்தது. அதை ஒதுக்கிவிட்டு, குளிரூட்டிய அடுக்கில் வைத்து விற்கும் வேறொரு கடையில் புதிதாக வாங்கித்தான் சுவைத்தேன். தயாரித்தவரின் தவறல்லாத ஒன்றுக்கு அவருடைய மதிப்பெண்ணைக் குறைப்பது முறையாகாது.

முதலில் டெய்ரி மில்க். 1905 இல் இங்கிலாந்தின் பிர்மிங்காம் அருகே போர்ன்வில்லில் பிறந்த இந்தப் பார்தான் நம் நாட்டில் சாக்லேட் என்ற சொல்லுக்கே அளவுகோல் ஆகிவிட்டது. ‘ஒன்றரைக் கிளாஸ் பால்’ என்ற விளம்பரத்தை அதைத் தயாரிக்கும் கேட்பரி நிறுவனம் 1928 முதல் பயன்படுத்தி வருகிறது, சுவைத்துப் பார்த்தால் அந்தப் பால்தான் முன்னால் நிற்கிறது. நாக்கில் வைத்த துண்டு ஓரங்களில் தொடங்கி மெதுவாகக் கரைந்து, சுண்டக் காய்ச்சிய பாலின் மணத்தைக் கொடுத்தது. கரைவதில் குறையே சொல்ல முடியாது, அவ்வளவு வழவழப்பு. ஆனால் உறையில் முதலில் எழுதியிருக்கும் பொருள் சர்க்கரை. உணவுப் பொருள்களின் உறையில் எடை மிகுந்தது முதலில் வர வேண்டும் என்பது விதி. கோகோ கடைசி வரைக்கும் ஒரு பழுப்பு நிறமாகவும் மெல்லிய மணமாகவும் மட்டுமே இருந்தது. பால்கோவாவை விரும்புகிறவர்களுக்கு இது நிறைவான பொருள். கோகோவைத் தேடுகிற எனக்கு 6.5.

கிட்கேட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தின் யார்க் நகரில் ரவுன்ட்ரீ நிறுவனம் 1935 இல் வேறு பெயரில் தொடங்கி, 1937 இல் இப்போதுள்ள பெயரைச் சூட்டியது. 1988 இல் நெஸ்லே அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. விரல்போல நீண்ட இரு துண்டுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் நகத்தை ஓட்டி உறையைக் கிழித்து ‘டக்’ என்று ஒடிக்கும் அந்த நொடிக்கே பாதி மதிப்பெண் கொடுக்கலாம். வேஃபர் அடுக்குகளுக்கு நடுவே பூசும் பசையில், உடைந்துபோன கிட்கேட்டுகளையே அரைத்துச் சேர்க்கிறார்கள் என்பதால் உள்ளும் புறமும் ஒரே சுவையாக இருக்கிறது. சாக்லேட் பூச்சு மெல்லியது, நாக்கில் வைத்துக் கரையவிட்டால் சீக்கிரமே வேஃபரின் மாவு தட்டுப்படுகிறது. இது மென்று தின்பதற்காகச் செய்த பொருள், என் அளவுகோல் இதற்கு முழுவதும் பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொண்டே 7 கொடுக்கிறேன்.

ஃபைவ் ஸ்டார் 1969 இல் இந்தியாவிலேயே அறிமுகமான பார். இதை ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் இதற்குச் செய்யும் அநீதி கொஞ்சமல்ல. குளிர்ந்தால் உள்ளிருக்கும் பாகு கல்லாகி, பல்லில் ஒட்டி, தாடையை வலிக்க வைக்கும். 26 டிகிரியில் அதை இரண்டு கைகளாலும் பிடித்து மெதுவாகப் பிரித்தபோது, நடுவிலிருந்த கேரமல் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் வீடுகளில் பார்ப்பதுபோல் கம்பிகம்பியாக நீண்டது. நான்கு விரற்கடை தூரம் வரை அறவில்லை. பொன்னிறமான ஒற்றை இழை வெளிச்சத்தில் மின்னியது. கேரமலின் சிறப்பு அதன் விளிம்புக் கசப்பில்தான் இருக்கிறது. சர்க்கரை தீயும் நிலைக்கு ஒரு படி முன்னால் நிறுத்தினால் அந்தக் கசப்பு வரும், அதற்கும் முன்பே நிறுத்திவிட்டால் வெறும் தித்திப்பு மட்டும் மிஞ்சும். ஃபைவ் ஸ்டாரில் அந்தக் கசப்பு ஒரு துளி இருக்கிறது. இன்னும் ஒரு துளி இருந்திருக்கலாம். மேலே உள்ள சாக்லேட் பூச்சு உள்ளிருக்கும் பாகோடு ஒத்துப் போகிறதே தவிர, தனியாகத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. 7.

ஸ்னிக்கர்ஸ் 1930 இல் அமெரிக்காவில் மார்ஸ் குடும்பத்தார் தங்கள் குதிரை ஒன்றின் பெயரைச் சூட்டி விற்கத் தொடங்கியது. நிலக்கடலை, கேரமல், நூகட், சாக்லேட் என்று நான்கு பொருள்கள் இதில் அடுக்கடுக்காக உள்ளன. நூகட் என்பது பாகை அடித்து அடித்துக் காற்றேற்றி மென்மையாக்குவது, மேலைநாடுகளில் அதற்கு முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்ப்பது வழக்கம். நான் வாங்கிய பாரின் உறையில் பச்சைப் புள்ளி இருந்ததைச் சைவ உணவுக்காரர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். கடலை நன்றாக வறுபட்டிருந்தது, அதிலிருந்த உப்பு தித்திப்பைச் சற்றே அடக்கியது. இருந்தாலும் கடலையும் இனிப்பும் சேர்ந்த பொருள் என்றால் என் நாக்கு கோவில்பட்டிக் கடலைமிட்டாயைத்தான் நினைக்கிறது. 2020 இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிட்டாயில் வெல்லப் பாகுக்கு ஒரு மண்வாசனையும் ஆழமும் உண்டு, கடலையை அது மறைப்பதில்லை. ஸ்னிக்கர்ஸில் கடலை நூகட்டுக்குள் புதைந்து போகிறது, சாக்லேட்டோ அதற்கும் அடியில் போய்விடுகிறது. பசிக்கு நல்லது, சுவைத்து ஆராய்வதற்கு 6.

இங்கே பெயர் சொல்லாமல் ஒரு வகையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். குழந்தைகள் அதிகம் வாங்கும் மலிவான பார்கள் பலவற்றின் உறையைக் கூர்ந்து பார்த்தால் சாக்லேட் என்ற சொல்லே இருக்காது. ‘சாக்கோ’ என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள். பொருள்களின் பட்டியலில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும். அந்தக் கொழுப்பு வெயிலைத் தாங்கும், பெட்டிக்கடைக் கண்ணாடி ஜாடியில் உருகாமல் நிற்கும். அதே காரணத்தால் வாயிலும் சரியாக உருகாமல் மேலண்ணத்தில் மெழுகுபோல ஒரு படலத்தை விட்டுவிடும். உலகக் கோகோவில் பாதிக்கு மேல் விளைவிக்கும் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைச்சல் சரிந்து, 2024 இன் இறுதியில் நியூயார்க் சந்தையில் ஒரு டன் கோகோ 12,000 டாலரைத் தாண்டியது. அத்தகைய விலையில் தாவரக் கொழுப்பின் பக்கம் சாயும் எண்ணம் தயாரிப்பாளர்களுக்கு எழுவது இயல்பு. அதனால் வாங்கும் முன் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வகைக்கு நான் மதிப்பெண் போடவில்லை.

இரண்டாம் நாள் காலையில் எண் நான்கு என்ற தட்டிலிருந்த கறுத்த துண்டை உடைத்தபோது எழுந்த ஓசை அடுத்த அறை வரை கேட்டது. உடைந்த விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருந்தது. அதுதான் அமுல் டார்க், 55 சதவீதக் கோகோ. வெண்ணெய்க்கும் பாலுக்கும் பெயர்பெற்ற குஜராத் கூட்டுறவு நிறுவனத்திடமிருந்து, பெரும்பாலான மளிகைக் கடைகளில் கிடைக்கும் விலையில், இப்படியொரு டார்க் சாக்லேட் வருவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. முதலில் லேசான தித்திப்பு, பிறகு வறுத்த காப்பிக்கொட்டையை நினைவூட்டும் கசப்பு, முடிவில் சிறிது புகை வாடை. கரைவதில் டெய்ரி மில்க்கின் வழவழப்பு இல்லை, சற்றே இழுபறியாகத்தான் உருகுகிறது. சுவை மூன்று படிகளாக மாறுவதை முதன்முதலாக உணர விரும்புகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். 8.

கடைசியாக சோக்லெட். இதைச் சுவைக்கும் முன் கோகோ மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ வளர்கிறது. பலாவைப் போலவே காய்கள் அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் நேரடியாகக் காய்த்துத் தொங்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோப்பில் பழுத்த காயொன்றை உடைத்துக் கொடுத்தார்கள். உள்ளே விதைகளைச் சுற்றியிருந்த வெள்ளைச் சதை மங்குஸ்தான் போல இனிப்பும் புளிப்புமாக இருந்தது, விதையைக் கடித்தால் வெறும் கசப்பும் துவர்ப்பும்தான். சாக்லேட்டின் மணம் அதில் துளியும் இல்லை. சதையோடு சேர்த்துப் பெட்டிகளில் குவித்து, ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, வறுத்த பிறகே அந்த மணம் பிறக்கிறது. பெரிய நிறுவனங்கள் பல நாடுகளின் கொட்டைகளைக் கலந்து ஒரே சீரான சுவையைக் கொண்டுவருகின்றன. ஒரே பகுதியில் விளைந்ததைக் கொண்டு செய்யும் சாக்லேட்டில் அந்த மண்ணின் சுவையும் புளிக்கவைத்தவரின் கவனமும் மறைவின்றித் தெரியும்.

எண் ஆறு என்ற தட்டில் இருந்த துண்டை நாக்கில் வைத்து அரை நிமிடம் வரை எதுவும் நிகழவில்லை. பிறகு கறுப்புத் திராட்சையைத் தோலோடு கடித்ததுபோல ஒரு புளிப்பு நாக்கின் இரு பக்கங்களிலும் ஏறியது. அது அடங்கும்போது வெல்லத்தை நினைவூட்டும் இனிப்பு வந்தது. அதன் பின்னால், மூச்சை மூக்கு வழியாக விட்டபோது, மழை பெய்த மறுநாள் தோப்பில் எழும் ஈர மர வாசம் போல ஒன்று. துண்டு முழுவதும் கரைந்து போன பிறகும் ஐந்து நிமிடம் வரை அந்தச் சுவை வாயில் நின்றது. உறையைப் பார்க்காமலே அக்கா மகளிடம் ‘இதுதான் பொள்ளாச்சி’ என்று சொல்லிவிட்டேன், அவள் தலையசைத்தாள். குறை என்று சொன்னால், முடிவில் நாக்கை உலர்த்தும் ஒரு துவர்ப்பு இருக்கிறது. அதை அவள் ரசிக்கவில்லை, பாதித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். விலையும் அமுலைவிடப் பல மடங்கு என்பதால், இதை நாள்தோறும் வாங்க முடியாது. மீதமிருந்த துண்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, அடுப்புக்கு எட்டாத அலமாரியில் வைத்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் சுவைத்துப் பார்த்தேன். திராட்சைப் புளிப்பு சற்றே தணிந்திருந்தது, இனிப்பு முன்னுக்கு வந்திருந்தது. முதல் நாள் எழுதிய 9 ஐ மாற்ற வேண்டியிருக்கவில்லை.