22 கிலோவாட் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்: வீட்டுக்கு கார் சார்ஜர் வாங்குகிறவர்கள் படியுங்கள்

எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வீட்டு சார்ஜருக்குப் பணம் கட்டுங்கள். என் இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. பணம் போனதை விட, எல்லாம் தெரிந்துகொண்டே விற்றார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கோபத்தோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சரியான சார்ஜரை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வாங்கியது எல்லாப் பொருளும் விற்கிற ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில். விற்றவர் அதில் கடை போட்டிருக்கும் ஒரு வியாபாரி. புகார் நடந்துகொண்டிருப்பதால் இரண்டு பெயரையும் இங்கே போடவில்லை.

என் காருடன் ஒரு கேபிள் வந்தது. நடுவில் சின்னப் பெட்டி இருக்கும், சுவரில் 16 ஆம்ப் பிளக்கில் சொருகினால் போதும். மணிக்கு மூன்றேகால் யூனிட், அதாவது மூன்றேகால் கிலோவாட் போலத்தான் ஏறும். 40 யூனிட் பேட்டரி காலியாக இருந்தால் நிரம்பப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு தாமதமாக வந்து காலையில் சீக்கிரம் கிளம்பும் வேலை எனக்கு. அதனால் சுவரில் மாட்டும் வேகமான பெட்டி ஒன்று தேடினேன். அந்தத் தளத்தில் '22 கிலோவாட் அதிவேகம், எல்லா கார்களுக்கும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சந்தேகம் கேட்டு மெசேஜ் போட்டேன். விற்பவரே போன் செய்தார்.

முதல் கேள்வியே, "மேடம், என்ன கார், என்ன மாடல், எந்த வருஷம்?" என்பதுதான். சொன்னேன். அடுத்து, "உங்க மீட்டர் போர்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. வீட்டு லைன் பார்க்காம நாங்க யாருக்கும் விக்கிறதில்ல" என்றார். இந்த ஒரு வார்த்தையில்தான் நான் அவரை நம்பினேன். விலையை மட்டும் பேசாமல் போர்டைக் கேட்கிறாரே, தொழில் தெரிந்த மனுஷன் என்று யாருக்கும் தோன்றும். உடனே படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்பதற்கு நீல டிக் வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி போன். இந்த முறை மேடம் போய் அக்கா வந்திருந்தது. "அக்கா, போர்டு பார்த்தேன், சூப்பரா இருக்கு. 7 கிலோவாட் வாங்கினா அடுத்த வருஷமே வருத்தப்படுவீங்க. 22 எடுத்துடுங்க. ரெண்டு மணி நேரத்துல வண்டி ஃபுல். எங்க சொந்த அக்காவுக்கும் இதையேதான் மாட்டிக் கொடுத்தேன்." முழுப் பணத்தையும் அன்றே கட்டினேன். இரண்டு மாதச் சம்பளம்.

அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. பெரிதாக்கினால் மெயின் எம்சிபியின் (அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தானாக விழும் ஸ்விட்ச்) மேல் 'சி32', அதாவது 32 ஆம்ப், என்ற எழுத்து பளிச்சென்று தெரிகிறது. ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல், அவ்வளவுதான் அந்த போர்டில். 22 கிலோவாட் வேண்டுமென்றால் மூன்று ஃபேஸ் வேண்டும், ஒவ்வொன்றிலும் 32 ஆம்ப் வர வேண்டும். 230 வோல்ட் ஒற்றை ஃபேஸில் 32 ஆம்ப் இழுத்தால் 7.4 கிலோவாட்தான். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை போடும் கணக்கு இது. கார் சார்ஜர் விற்றே பிழைப்பவருக்குத் தெரியாதா?

இன்னொன்று இருக்கிறது, இதை நிறையப் பேர் சொல்வதே இல்லை. சுவரில் மாட்டுகிற பெட்டி உண்மையில் சார்ஜரே இல்லை. வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தை பேட்டரிக்கு வேண்டிய டிசியாக மாற்றும் வேலையைச் செய்வது காருக்குள்ளேயே இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். சுவர்ப் பெட்டி ஒரு பாதுகாப்பான ஸ்விட்ச் மட்டும். 'இந்த லைனில் இவ்வளவு ஆம்ப் வரை எடுத்துக்கொள்ளலாம்' என்று கேபிளில் இருக்கும் ஒரு மெல்லிய ஒயர் வழியாக அது காருக்குச் சைகை கொடுக்கும். விநாடிக்கு 1000 துடிப்பு, அந்தத் துடிப்பின் அகலத்தை வைத்து கார் அளவைப் புரிந்துகொள்ளும். அதற்குள் தன்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் கார் இழுக்கும். என் காரின் ஆன்போர்டு சார்ஜர் 7.2 கிலோவாட், ஒற்றை ஃபேஸ். கார் கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறது. குடத்தின் வாய் அதே அளவில் இருக்கும்போது குழாயை மட்டும் பெரிதாக்கி விற்றிருக்கிறார்கள். வீட்டில் மூன்று ஃபேஸ் இருந்திருந்தாலும் என் காருக்கு அந்த 22 ஒருநாளும் கிடைத்திருக்காது. மாடலையும் வருஷத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு விற்றிருக்கிறார்.

சரி, மாட்டிய கதைக்கு வருகிறேன். இரண்டு பையன்கள் வந்தார்கள். அவசர அவசரமாக ஒயர் இழுத்து, பெட்டியைச் சுவரில் அறைந்து, பச்சை விளக்கு எரிவதைக் காட்டி, போனில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். எர்த் சோதித்தீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் பாக்ஸே பார்த்துக்கும் மேடம்" என்றார்கள்.

முதல் ராத்திரி காரைப் போட்டுவிட்டு ஏர் கண்டிஷனரையும் கீசரையும் போட்டதும் வீடே இருண்டுவிட்டது. கார் மட்டுமே 31 ஆம்ப் இழுக்கிறது, மெயின் 32. விழாமல் என்ன செய்யும்? மறுநாள் அவருக்குப் போன் செய்தேன். "சார்ஜர் ஆப்ல கரன்ட்டை 16க்குக் குறைச்சு வைங்க அக்கா, ட்ரிப் ஆகாது" என்றார். குறைத்தேன், ட்ரிப் ஆகவில்லை. ஆனால் 16 ஆம்ப் என்றால் 3.7 கிலோவாட். காருடன் இலவசமாக வந்த கேபிள் கொடுத்துக்கொண்டிருந்த வேகம் கிட்டத்தட்ட அதுதான். இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, ஏற்கனவே டிக்கியில் சும்மா கிடந்ததையே மறுபடி வாங்கியிருக்கிறேன்.

இதைச் சொன்னதும் அக்கா மறுபடி மேடம் ஆனேன். "உங்க கார்ல ஏதோ லிமிட் வச்சிருக்காங்க மேடம், சர்வீஸ் சென்டர்ல கேளுங்க." சர்வீஸ் சென்டரில் காரை ஒரு குறையும் சொல்ல முடியாது, 7.2தான் அதன் அளவு என்று எழுதியே கொடுத்தார்கள். அதை அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. அப்புறம் என் நம்பருக்கு ரிங்கே போகவில்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் எடுக்கிறார், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார்.

தளத்தின் உதவிப் பிரிவு இன்னும் மோசம். முதலில் ஒரு இயந்திரம் பேசும், 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று. மனிதர் வருவதற்குள் பொழுது போய்விடும். வந்தவர் ஒவ்வொரு முறையும் புதியவர், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஒருவர், "பொருள் வேலை செய்யுதா மேடம்? விளக்கு எரியுதா? அப்போ அது பழுதில்லை" என்றார். இன்னொருவர், "சுவர்ல மாட்டின பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். மூன்றாவது ஆள், "நாங்க இடம் மட்டும்தான் தர்றோம், விற்கிறவங்ககிட்ட பேசிக்கோங்க" என்றார். விற்கிறவர் எடுத்தால்தானே பேசுவதற்கு! பேசிக்கொண்டிருக்கும்போதே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று செய்தி வருகிறது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு.

இதோடு முடிந்திருந்தால் பணத்தோடு போச்சு என்று இருந்திருப்பேன். ஒரு நாள் விடியற்காலை வாசலில் கருகல் வாடை. பெட்டியின் அடிப்பக்கத்தைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. மெயினை அணைத்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். மூடியைக் கழற்றியவர், "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று டார்ச் அடித்துக் காட்டினார். நியூட்ரல் ஒயரை இறுக்கும் டெர்மினல், வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக், காபி நிறத்தில் உருகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. திருகை விரலால் சுற்றினாலே சுற்றியது. ஒயரில் பாதி இழைகள் துளைக்கு வெளியே விரிந்து நின்றன, முனையில் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழலான லக் போடவே இல்லை. இழுத்திருந்த ஒயர் 2.5 ஸ்கொயர், அதாவது குறுக்குப் பரப்பு 2.5 சதுர மில்லிமீட்டர். 32 ஆம்ப் மணிக்கணக்கில் போகிற இடத்துக்கு 6 ஸ்கொயராவது வேண்டும், தூரம் கூடினால் 10 போட வேண்டும் என்றார் தம்பி. மிக்ஸி போல ஓடி நிற்கிற லோடு இல்லை இது, இரவு முழுக்க ஓடுவது.

அதை விடப் பெரிய அநியாயம் ஒன்றையும் அவர்தான் காட்டினார். பெட்டியின் லேபிளில் '6 மில்லி ஆம்ப் டிசி கசிவுப் பாதுகாப்பு உண்டு' என்று இருக்கிறது. அதற்கு ஒயர்கள் ஒரு வளைய சென்சாருக்குள் நுழைந்து போக வேண்டும். அப்படி ஒரு வளையமே உள்ளே இல்லை. மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேவுக்கு ஒயர் நேராகப் போகிறது. இது ஏன் முக்கியம் என்றால், காருக்குள் இருக்கும் மின்னணுவிலிருந்து டிசி மின்சாரம் கசியலாம். அப்படிக் கசிந்தால், மின்கசிவு வந்ததும் லைனைத் துண்டிக்க வேண்டிய வீட்டு ஸ்விட்சான சாதாரண ஆர்சிசிபி மந்தமாகிவிடும். அப்புறம் யாருக்காவது நிஜமாகவே ஷாக் அடித்தாலும் அது விழாமல் போகலாம். அதற்காகத்தான் கார் சார்ஜிங் லைனுக்கு டிசி கசிவையும் கண்டுபிடிக்கும் டைப் பி ஆர்சிசிபி போடுவார்கள், அல்லது அதைக் கண்டுபிடிக்காத டைப் ஏ போட்டு, பெட்டிக்குள் அந்த 6 மில்லி ஆம்ப் சென்சாரை வைப்பார்கள். சுவர்ப் பெட்டிக்கு நாம் காசு கொடுப்பதே இந்தப் பாதுகாப்புக்குத்தான். அதையே எடுத்துவிட்டு லேபிளை மட்டும் ஒட்டி விற்றிருக்கிறார்கள். என் பிள்ளைகள் தினமும் அந்தக் காரைத் தொட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூட வேனுக்கு ஓடுகிறார்கள். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

படங்களோடு தளத்துக்கு அனுப்பினேன். பதில் ஒரே வரி: பெட்டியைத் திறந்ததால் வாரண்டி செல்லாது. கருகுகிற பெட்டியைத் திறக்காமல் வீடு எரியும்வரை காத்திருக்க வேண்டுமா? இரண்டு மாதச் சம்பளம், ஒரு மன்னிப்புக்கூட இல்லை. நுகர்வோர் புகார் எழுதிவிட்டேன். தம்பி எழுதிக் கொடுத்ததும், சர்வீஸ் சென்டர் கடிதமும், அந்த மீட்டர் போர்டு போட்டோவும் அதோடு போகின்றன.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கார் கையேட்டில் ஆன்போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட், எத்தனை ஃபேஸ் என்று பாருங்கள், அதற்கு மேல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். வீட்டு லைன் தாங்குமா என்று விற்கிறவரைக் கேட்காதீர்கள், விற்காத ஒரு எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். டிசி கசிவுப் பாதுகாப்புக்குச் சோதனைச் சான்று கேளுங்கள், லேபிளை நம்பாதீர்கள். ஆப் இல்லாமலும் பெட்டி வேலை செய்யுமா என்று கேளுங்கள், அந்த ஆப் இப்போது எனக்கு லாகின்கூட ஆக மாட்டேன் என்கிறது. வேகம் எவ்வளவு என்று போனில் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். மாட்டுவதற்கு முன்பே பெட்டியை எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். சுவரில் ஆணி இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள்.