புல்தரைப் பாசனத் தொழிலுக்கு டிசைன் மென்பொருள்: நாலு வருடம் பழகிப் பார்த்த கதை

சொட்டுநீர்ப் பாசன டீலர் ஒருவரிடம் ஆறு வருடம் சம்பளத்துக்கு இருந்துவிட்டு, 2021-இல் கோவையில் சொந்தமாக லான் ஸ்பிரிங்க்ளர் வேலை ஆரம்பித்தேன். இப்போது இதே தொழிலுக்கு வரும் தம்பிகள் போன் செய்து முதலில் கேட்பது, "அண்ணா, நீங்க எந்த சாஃப்ட்வேர்ல டிசைன் போடறீங்க?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் பேசித் தீரவில்லை. அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

முதலில் என் அறியாமையைச் சொல்லிவிடுகிறேன். சொட்டுநீர் தெரிந்தவனுக்கு லான் ஒரு பொருட்டா என்றுதான் இறங்கினேன். ஒரு டிரிப்பர் மணிக்கு 4 லிட்டர் விடும். 15 அடி வீசும் முழு வட்ட ஸ்பிரே நாசில் நிமிடத்துக்கே ஏறக்குறைய 14 லிட்டர் கேட்கும். மணிக்கணக்கில் பார்த்தால் இருநூறு மடங்கு. தென்னந்தோப்பில் குழாய் அளவில் கொஞ்சம் அசந்தாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். லானில் அசந்தால் அடுத்த வாரமே பழுப்பு வட்டமாகப் புல் காட்டிக்கொடுத்துவிடும்.

கையில் இருந்தது லிப்ரேகேட் என்ற வரைபட மென்பொருள். இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். டிஎக்ஸ்எஃப் என்ற வகை வரைபடக் கோப்புகளை நன்றாகத் திறக்கும், ஆட்டோகேட்டின் டிடபிள்யூஜி என்றால் தடுமாறும். ஆகவே ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்குப் போன் செய்து, "சார், டிஎக்ஸ்எஃப்ல சேவ் பண்ணி அனுப்புங்க" என்று கேட்பது வழக்கமாகிப்போனது. பாதிப் பேர் அனுப்புவார்கள். மீதிப் பேர் பிரிண்ட் எடுத்ததைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் தள்ளுவார்கள். அப்புறம் டேப்பைத் தூக்கிக்கொண்டு நாமே அளக்க வேண்டியதுதான். பெரிய இடம் என்றால் கூகுள் எர்த் புரோவில் ஒரு தோராய அளவு எடுக்கலாம். 2015-இலிருந்து அதற்குக் காசு இல்லை. ஆனால் மேடு பள்ளத்துக்கு அதை நம்பாதீர்கள். ஒரு மீட்டர் ஏற்றம் என்றால் 0.1 பார் அழுத்தம் போய்விடும். அதைக் கண்டுபிடிக்கக் கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவலே போதும்.

வடவள்ளிப் பக்கம் ஒரு வீடு. நீளமான லான். காம்பஸ் வைத்தாற்போல வட்டங்கள் போட்டேன். ஒரு ஹெட்டின் (தண்ணீர் அழுத்தத்தில் மண்ணிலிருந்து எழும்பித் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர்) தண்ணீர் அடுத்த ஹெட்டின் காலில் போய் விழ வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம், அதில் தப்பில்லை. 12 அரை வட்ட ஹெட், ஒரே வால்வு, போர் மோட்டாரிலிருந்து 60 மீட்டருக்கு 32 மி.மீ. பிவிசி. வரைபடத்தைக் கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தபோது வீட்டுக்காரர் அசந்துபோனார். சோதனை ஓட்டத்தன்று காபி டம்ளரோடு வராந்தாவில் வந்து நின்றார். வால்வைத் திறந்தோம். பிளம்பர் மறுகோடியிலிருந்து கத்தினார்: "அண்ணா, கடைசி நாலும் எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க!"

கணக்கு இதுதான். அரை வட்ட நாசில் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 7 லிட்டர், 12-க்கு 84 லிட்டர். அந்தக் குழாயில் 84 லிட்டர் போக வேண்டுமென்றால் 60 மீட்டர் தூரத்துக்குள் உராய்விலேயே 10 மீட்டர் அழுத்தம், அதாவது ஏறக்குறைய 1 பார், கரைந்துவிடும். வேகமும் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். 1.5-க்குள் வைத்துக்கொள்வதுதான் நல்லது. இது எதையும் என் வரைபடம் எனக்குச் சொல்லவில்லை. வரைபட மென்பொருளுக்கு வட்டம் தெரியும், தண்ணீர் தெரியாது. புல்லைக் கீறி, வரிசையை இரண்டாகப் பிரித்து, இன்னொரு வால்வும் ஒயரும் போட்டு, ஒன்றரை நாள் கூலியும் கைக்காசில்தான். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

அந்த வாரமே எக்செல்லில், குழாய் உராய்வில் எவ்வளவு அழுத்தம் போகும் என்று சொல்லும் ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரத்தைப் போட்டு வைத்தேன். தண்ணீர் இரண்டு மடங்கானால் உராய்வு இழப்பு மூன்றரை மடங்குக்கு மேல் போகிறது. 32-க்குப் பதில் 40 மி.மீ. போட்டால் இழப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. இந்த இரண்டும் விரல் நுனியில் இருந்தால் கொட்டேஷன் பேசும்போதே பாதி டிசைன் முடிந்துவிடும். சின்ன வீட்டு லானுக்கு இன்றைக்கும் எனக்கு இந்த ஒரு ஷீட்தான். இதைப் படித்துவிட்டு ஒரே ஒரு காரியம் செய்வதாக இருந்தால் அதைச் செய்யுங்கள்.

ஷீட்டுக்கும் எல்லை உண்டு. கிளைகள் அதிகமானால், அதுவும் வளையமாக லூப் போட்டால், எந்தக் குழாயில் எவ்வளவு போகும் என்பதைக் கையால் பிரிக்க முடியாது. அங்கேதான் ஈபாநெட் வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-இல் வெளியிட்டது, முற்றிலும் இலவசம். ஊர்க் குடிநீர்க் குழாய் வலையமைப்புக்காகச் செய்தது. முகப்பைப் பார்த்தால் விண்டோஸ் 95 காலத்துக்கே போய்விட்டது போல இருக்கும். பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது வைரஸா?" என்றான். ஆனால் கணக்கில் கெட்டி.

ஸ்பிரிங்க்ளரை அதில் எமிட்டர் என்று கொடுக்க வேண்டும். வெளிவரும் தண்ணீர், அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும் இறங்கும். அதற்கு ஒரு கெழு கேட்கும். நாசில் அட்டவணையில் 2.1 பாரில் 7 லிட்டர் என்று இருந்தால், 2.1 பார் என்பது 21 மீட்டர், அதன் வர்க்கமூலம் 4.58. ஏழை அதால் வகுத்தால் 1.53, அவ்வளவுதான். ஓட்டினால் ஒவ்வொரு ஹெட்டிலும் எவ்வளவு அழுத்தம் என்று வண்ணத்தில் காட்டும். ஒரே வால்வுக்குக் கீழே முதல் ஹெட்டுக்கும் கடைசி ஹெட்டுக்கும் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது தொழிலில் புழங்கும் விதி. அதைத் தாண்டினால் குழாயை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுவேன். மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வின் இழப்பையும் தயாரிப்பாளர் தரும் அட்டவணையிலிருந்து எடுத்து ஒரு வளைகோடாகக் கொடுக்கலாம்.

பழகப் பழகச் சில இடங்களில் அடி வாங்கினேன். ஹெட் எழுந்திருக்க மாட்டேன் என்கிறதா என்பது அதற்குத் தெரியாது. 0.6 பாரிலும் இத்தனை லிட்டர் என்று சமர்த்தாக எண் காட்டும். நிஜத்தில் ஸ்பிரிங் அமுங்க ஏறக்குறைய 1 பாராவது வேண்டும். அடுத்தது மோட்டார். பம்புக்கு ஒரே ஒரு புள்ளி மட்டும் கொடுத்தால், தண்ணீர் வெளியேறாமல் அடைத்த நிலையில் அழுத்தம் அந்தப் புள்ளியின் 133 சதவீதம் என்றும், அதிகபட்ச ஓட்டம் அதன் இரண்டு மடங்கு என்றும் அதுவாகவே ஒரு வளைகோடு வரைந்துகொள்ளும். நம் ஊர் போர் மோட்டார் எதற்கு அதற்குக் கட்டுப்படப்போகிறது? கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பம்புக் கேட்டலாக் கேட்க யோசிக்கவே வேண்டாம், முழு அட்டவணையையும் வாங்கிப் போடுங்கள். அதைவிட நல்லது, மோட்டாரை ஓடவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, 20 லிட்டர் கேன் நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று நாமே பார்த்துவிடுவது. பழைய மோட்டார் பெயர்ப்பலகையில் சொன்னபடி நடந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் வருடக் கடைசியில் பெரிய வேலைகள் வர ஆரம்பித்தன. ஆனைகட்டிப் பக்கம் ஒரு ரிசார்ட், சுமார் ஒன்றரை ஏக்கர் புல். ஆர்க்கிடெக்ட் நடைபாதையை நாலு முறை மாற்றினார். ஒவ்வொரு முறையும் ஹெட் இடம், குழாய், சாமான் பட்டியல், கொட்டேஷன் எல்லாம் முதலிலிருந்து. மூன்று ராத்திரி போனது. அப்போதுதான் பாசனத்துக்கென்றே செய்த மென்பொருள் வாங்கலாமா என்று தேட ஆரம்பித்தேன். நியூசிலாந்தின் லிங்கனிலிருந்து வரும் இரிகேட் இருக்கிறது. விவசாயப் பாசனம், புல்தரை இரண்டும் செய்யும், நீரியல் கணக்கும் உள்ளேயே இருக்கும். ஆட்டோகேட் மேல் ஏறி உட்காரும் லேண்ட் எஃப்எக்ஸ் இருக்கிறது. நிலவடிவமைப்பு ஆபீஸ்களோடு சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் ஆட்டோகேட் சந்தா தனி. 2016-க்குப் பிறகு ஆட்டோகேட்டை ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிவிட முடியாது, வருடா வருடம் கட்ட வேண்டும். "கிராக் போட்டுக்கலாம்ணா" என்று சொல்ல ஆட்கள் உண்டு. தொழில் ஆரம்பிக்கும்போதே அந்தப் பழக்கம் வேண்டாம்.

நான் கடைசியில் சந்தா கட்டியது இந்த இரண்டும் அல்லாத வேறொரு வெளிநாட்டுத் தயாரிப்பு. குறை சொல்லப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். லானின் எல்லையைக் காட்டினால் ஹெட்டுகளை அதுவே வைக்கிறது. மூலையில் கால் வட்டம், ஓரத்தில் அரை, நடுவில் முழுசு. நூற்றில் எண்பது சரியாக இருக்கும், மீதியைக் கையால் நகர்த்திக்கொள்ளலாம். எந்த இடத்தில் தண்ணீர் குறைவாக விழும் என்று நிழல் போட்டுக் காட்டுகிறது. ஈபாநெட்டிடம் இது அறவே கிடையாது. நடைபாதையை மாற்றினால் சாமான் பட்டியலும் கூடவே மாறுகிறது. மூன்று ராத்திரி வேலை அரை நாளுக்குள் வந்தது. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

இனி அவஸ்தை. உள்ளே இருந்த குழாய் அட்டவணை முழுக்க அமெரிக்க அளவு. அங்கே ஒரு இஞ்ச் ஷெட்யூல் 40 குழாயின் உள்விட்டம் 26.6 மி.மீ. நம் கடையில் ஒரு இஞ்ச் என்று கேட்டால் கிடைக்கும் 32 மி.மீ. என்பது வெளிவிட்டம். 6 கிலோ அழுத்தம் தாங்கும் பிவிசியில் உள்விட்டம் 28 மி.மீ. சொச்சம் வரும். எல்லாவற்றையும் பிவிசி குழாய்க்கான இந்தியத் தரமான ஐஎஸ் 4985 அட்டவணையைப் பார்த்து நானே தட்டச்சு செய்தேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. அதற்கப்புறமும் ஒரு தளத்தில் மேஸ்திரி பிவிசி கிடைக்கவில்லை என்று அதே 32 மி.மீ.-இல் எச்டிபிஇ (பாலிஎத்திலீன்) குழாய் வாங்கிப் புதைத்துவிட்டார். சுவர் கனம் அதிகம், உள்விட்டம் 26 மி.மீ.தான். பார்க்கச் சின்ன வித்தியாசம், உராய்வில் ஒன்றரை மடங்கு. அதிலிருந்து என் வரைபடங்களில் குழாயின் வகையையும் கிலோவையும் பெரிய எழுத்தில் போடுகிறேன்.

லேப்டாப் மதர்போர்டு போனபோது உரிமத்தைப் புது லேப்டாப்புக்கு மாற்ற ஒன்பது நாள் ஆனது. நான் விழித்திருக்கும்போது அவர்கள் தூங்குகிறார்கள். கொட்டேஷன் கெடு நடுவில் வந்தது, பழைய ஷீட்டும் ஈபாநெட்டும்தான் மானத்தைக் காப்பாற்றின. வரைந்ததெல்லாம் அவர்களுடைய கோப்பு வடிவத்தில் மாட்டிக்கொள்கிறது என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது ஒவ்வொரு வேலை முடிந்ததும் டிஎக்ஸ்எஃப், பிடிஎஃப் இரண்டும் எடுத்து வைக்காமல் மூடுவதில்லை. நீங்கள் எதை வாங்கினாலும் சோதனைக் காலத்திலேயே இதைச் செய்து பாருங்கள். உங்கள் ஊர்க் குழாயை உள்ளே ஏற்ற முடிகிறதா, வரைந்ததை வெளியே எடுக்க முடிகிறதா, லிட்டரிலும் மீட்டரிலும் பேசுகிறதா? மாதிரிக் கோப்பைத் திறந்து ரசிக்க வேண்டாம். ஏற்கெனவே முடித்துத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு வேலையை அதில் வரைந்து, அது சொல்லும் அழுத்தத்தையும் தளத்தில் கேஜ் சொல்லும் அழுத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஸ்கெட்ச்அப் பற்றியும் கேட்பார்கள். முப்பரிமாணத்தில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினால் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும், எனக்கு அதனால் ஒரு வேலையும் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

எந்த மென்பொருளும் எனக்குச் சொல்லித்தராத ஒன்று காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றில் ஸ்பிரே தண்ணீர் பக்கத்து வீட்டுக் காருக்குப் போகும். நிழல் படத்தில் பச்சையாக இருந்த இடம் தளத்தில் காய்ந்து கிடக்கும். கணவாய்க்கு நேராக இருக்கும் தளங்களில் இப்போது இடைவெளியைக் குறைத்துப் போடுகிறேன், வால்வை நேரத்துக்குத் திறக்கும் கன்ட்ரோலரை விடியற்காலைக்கு வைக்கிறேன், முடிந்த இடத்தில் துளி பெரிதாக விழும் ரோட்டேட்டர் நாசிலுக்கு மாறுகிறேன். ரோட்டேட்டர் மணிக்கு 10 மி.மீ.தான் பெய்யும், ஸ்பிரே 40 மி.மீ. வரை பெய்யும். ஆகவே ஓடும் நேரம் நாலு மடங்காகும். இரண்டையும் ஒரே வால்வில் கலந்துவிடாதீர்கள்.

ஒப்படைக்கும் முன் ஒரே அளவு பிளாஸ்டிக் டம்ளர் இருபது வாங்கி லானில் பரப்பி, கால்மணி நேரம் ஓடவிட்டு அளக்கிறேன். குறைவாக நிறைந்த ஐந்தின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்தால், தண்ணீர் எவ்வளவு சமமாக விழுகிறது என்று சொல்லும் சீர்மை விகிதம் கிடைக்கும். டிசைன் எதில் போட்டீர்கள் என்று எந்த வாடிக்கையாளரும் இதுவரை கேட்டதில்லை. டம்ளரைப் பார்த்தால் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள்.

இன்றைய நிலவரம்: அரை ஏக்கருக்குக் கீழே லிப்ரேகேட்டும் எக்செல்லும், கிளை அதிகமிருந்தால் ஈபாநெட். வரைபடம் மாறிக்கொண்டே இருக்கும் பெரிய வேலைக்கு மட்டும் அந்தச் சந்தா மென்பொருள். போன வருடம் அதை மூன்று வேலைக்குத்தான் திறந்திருக்கிறேன். புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்து கிடக்கிறது. முழு வருடத்துக்குக் கட்டாமல் மாதக் கணக்கில் தருவார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.